ராத்திரி முழுக்க ஓடிய குழாய்

காலை ஆறு மணிக்குப் பின்கதவைத் திறந்தால் எங்கள் வீட்டு நீச்சல் குளத்தில் தண்ணீரைக் காணோம். முழுக்கக் காணோம் என்று சொல்லிவிட முடியாது. முந்தின இரவு ஒன்பது மணிக்கு நான் மோட்டாரை நிறுத்தியபோது ஏணியின் இரண்டாவது படியைத் தொட்டுக்கொண்டு நின்ற தண்ணீர், இப்போது கடைசிப் படிக்கும் கீழே போயிருந்தது. ஏணி அந்தரத்தில் தொங்கியது. நான் இறைக்க நினைத்தது 50 செ.மீ. இறங்கியிருந்தது 95 செ.மீ.

முதலில் தோன்றியது, குளம் எங்கேயோ உடைந்து ஒழுகுகிறது என்றுதான். கிட்டப்போய்ப் பார்த்தேன். மோட்டார் தண்ணீருக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது. பிளக்கைக்கூட நான்தான் கழற்றி வைத்திருந்தேன். ஆனால் அதிலிருந்து கிளம்பிக் கரை மேல் ஏறித் தோட்டத்தின் சரிவில் இறங்கிப் போன குழாய், கையில் எடுத்தால் கனத்தது. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரமே இல்லாமல், ராத்திரி முழுக்க.

பள்ளிக்கூடத்தில் படித்த சைஃபன்தான். குழாய் நிறையத் தண்ணீர் இருந்து, அதன் வெளிமுனை குளத்து நீர்மட்டத்தைவிடத் தாழ்வாகவும் இருந்துவிட்டால், யாரும் தள்ளவே வேண்டாம். இடையில் மேடேறி இறங்கினாலும் தண்ணீர் தன்னால் போய்க்கொண்டே இருக்கும். மோட்டார் செய்தது குழாயை நிரப்பிக் கொடுத்ததுதான். நிறுத்திய பிறகு அந்த வேலையைச் சரிவு எடுத்துக்கொண்டது. சாதாரண நீர்மூழ்கி மோட்டாருக்குள் ஓட்டத்தைத் தடுக்க ஒன்றுமில்லை. நின்றுபோன விசிறியின் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் தாராளமாகப் போகும். ஒன்பது மணி நேரத்தில் போனது ஏறக்குறைய 14,000 லிட்டர்.

தண்ணீர் போனதைப் பற்றி மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தக் காலையில் எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. அதற்கு, ஏன் தண்ணீரைக் குறைக்கக் கிளம்பினேன் என்பதிலிருந்து சொல்ல வேண்டும்.

வீட்டுக் குளத்துக்கு நாங்கள் போடுவது பெரிய வெள்ளைக் குளோரின் மாத்திரை. அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரினே இல்லை, சயனூரிக் அமிலம். வெயிலில் குளோரின் சில மணி நேரத்தில் சிதைந்துவிடாமல் பிடித்து வைக்கிற பொருள் அது. நல்ல பொருள்தான். சிக்கல் என்னவென்றால், குளோரின் செலவாகிப் போகும், இது போகாது. ஆவியாகாது, ஃபில்டரிலும் தங்காது. மாத்திரை போடப் போடக் கூடிக்கொண்டே போகும். 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு) வரை இருந்தால் போதும். நூறைத் தாண்டினால், காப்பாற்ற வந்தது குளோரினின் கையைக் கட்டிப்போட்டுவிடும். சோதனையில் குளோரின் இருப்பதாகக் காட்டும், சுவரில் பாசி பிடிக்கும். என் குளத்தில் 120 காட்டியது. கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும் வழி.

எவ்வளவு வெளியேற்றுவது என்பதில்தான் ஆசை வேலை செய்கிறது. என் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். மொத்தம் 48,000 லிட்டர். மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் 120 என்பது 80 ஆகும். இன்னொரு தடவை அப்படியே செய்தால் 53. ஒரே மூச்சில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்திருந்தால் நேராக 40. அதாவது இரண்டு தடவையாகச் செய்தால் அதே 32,000 லிட்டர் செலவழித்தும் பலன் கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டுப் பார்க்கிற யாருக்கும், மொத்தமாகக் காலி செய்துவிட்டுச் சுவரையும் தேய்த்துக் கழுவி, புதுசாக நிரப்பினால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

தடுத்தவர் எங்கள் குளத்துக்குப் பூச்சு வேலை செய்த பெரியவர். முப்பது வருடமாக இதே தொழில். போனில் கேட்டபோது எடுத்த எடுப்பிலேயே, “மழை எத்தனை நாளா பெய்யுது தம்பி?” என்றார். “நாலு நாளா அண்ணே, இன்னிக்குத்தான் விட்டிருக்கு. திரும்ப வரும்போல. வந்தா ரொம்ப சௌகரியம், தானே நிரம்பிடும்” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “தண்ணி உள்ள இருக்கிற வரைக்கும்தான் அது தொட்டி. இல்லேன்னா படகு. மழை விட்ட மறுநாள் யாராச்சும் தொட்டியைக் காலி பண்ணுவாங்களா?”

இதில் பேச்சு அழகு ஒன்றும் இல்லை, அப்பட்டமான உண்மை. மழைக்குப் பிறகு நிலத்தடி நீர் ஏறும். குளத்துச் சுவருக்கு வெளியே மண்ணில் நிற்கிற அந்தத் தண்ணீர், குளத்தின் அடித்தளத்தைக் கீழிருந்து மேலே தள்ளும். தண்ணீரின் அழுத்தம் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒரு டன். என் குளத்தின் அடிப்பரப்பு 32 சதுர மீட்டர். அடித்தளத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நிலத்தடி நீர் நின்றால், அடியிலிருந்து 32 டன் மேலே தூக்கும். குளம் நிறைந்திருக்கையில் உள்ளே இருக்கும் 48 டன் தண்ணீர் அதை அமுக்கி வைக்கிறது. காலி செய்துவிட்டால் எதிர்த்து நிற்பது கான்கிரீட்டின் சொந்த எடை மட்டும். தளமும் சுவரும் 20 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பார்த்தேன். முப்பது டன்னைக் கொஞ்சம் தாண்டியது. தூக்குவதும் முப்பத்துச் சொச்சம், அமுக்குவதும் முப்பத்துச் சொச்சம்.

குளியல் தொட்டியில் ஆர்க்கிமிடிஸ் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்களே, அதேதான். கான்கிரீட் மிதக்குமா என்று கேட்பவர்களுக்குக் கான்கிரீட்டில் கட்டிய கப்பல்களே பதில். முதல் உலகப் போர்க் காலத்தில் எஃகுத் தட்டுப்பாட்டால் அப்படிக் கட்டி ஓட்டியிருக்கிறார்கள். வீட்டுக் குளம் கப்பல் போல ஒழுங்காக மிதக்காது, அவ்வளவுதான். ஒரு மூலை எழும்பும், கரை பிளக்கும், அடியில் போகிற குழாய்கள் முறியும். எழும்பாவிட்டாலும் தளம் நடுவில் வெடிக்கலாம். எழும்பிய குளத்தைத் திரும்பக் கீழே லேசில் உட்கார வைக்க முடியாது. இருந்த இடம் மண்ணும் சேறும் புகுந்து மூடியிருக்கும்.

அதனால் பெரியவர் சொன்னபடி மூன்றில் ஒரு பங்கு மட்டும், அதாவது 50 செ.மீ. என்று முடிவாயிற்று. “அதுக்கும் முன்னால கரையில இருக்கிற குழியைப் பாருங்க” என்றார். எங்கள் குளத்தின் ஓரமாக ஒரு பிவிசி குழாய் செங்குத்தாகப் புதைத்திருக்கிறது. மூடியைத் திறந்தால் கீழே ஜல்லி வரை போகும். இத்தனை வருடத்தில் நான் அதைத் திறந்ததே இல்லை, எதற்கோ போட்ட குழாய் என்று விட்டுவிட்டேன். அதில் நூல் விட்டுப் பார்த்தால் நிலத்தடி நீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியும். அன்று பார்த்தேனா என்றால், இல்லை. 50 செ.மீ. தானே என்ற தைரியம். அந்த அளவுக்கு அது சரியான தைரியம்தான். மோட்டார் நின்ற பிறகும் தண்ணீர் போகும் என்று தெரியாமல் இருந்ததுதான் தப்பு.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். குழாயை இழுத்து வெளியே போட்டேன். சளசளவென்று காற்று உள்ளே ஏறி, ஓட்டம் நின்றது. பிறகு ஒரு நூலின் நுனியில் நட்டு ஒன்றைக் கட்டி அந்தப் பிவிசி குழாய்க்குள் விட்டேன். அடி தட்டும் வரை விட்டு, கரைமட்டத்தில் நூலை விரலால் பிடித்துக்கொண்டு மேலே இழுத்தால், எங்கே வரை நனைந்திருக்கிறது என்பது பளிச்சென்று தெரிகிறது. உலர்ந்த பகுதியை டேப்பால் அளந்தேன். கரையிலிருந்து 105 செ.மீ. கீழே தண்ணீர். குளத்து நீர்மட்டத்தை அதே கரையிலிருந்து அளந்தேன். 110 செ.மீ.

வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே இருப்பதைவிட 5 செ.மீ. உயரமாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறரை. நான் எட்டு மணி வரை தூங்குகிற ஆளாக இருந்திருந்தால் அந்த வித்தியாசம் எவ்வளவு கூடியிருக்கும் என்று கணக்குப் போடவில்லை, ஓடிப்போய் நிரப்புகிற குழாயைத் திறந்துவிட்டேன். நிமிடத்துக்கு 20 லிட்டர். அதாவது ஒரு மணி நேரத்துக்கு 4 செ.மீ. கூடக் கிடையாது. அவ்வளவு மெதுவாக ஒரு தண்ணீர் ஏறி நான் பார்த்ததில்லை.

அதற்குள் பையன் எழுந்து வந்து கரையோரம் நின்றுவிட்டான். அவனைக் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. தண்ணீர் குறைந்த குளமும் பிள்ளைகளுக்கு ஆபத்துதான். ஆழம் குறைந்த பக்கம் மிச்சம் இருந்தது 25 செ.மீ. தண்ணீர், அதற்கடியில் சிமென்ட். மேலிருந்து தவறினால் ஒரு மீட்டருக்கு மேல் விழுந்து தளத்தில் மோத வேண்டும். ஆழமான பக்கம் விழுந்தால் பெரியவர்களுக்கே கரையைப் பிடிக்கக் கை எட்டுவது சிரமம், ஏணியோ அந்தரத்தில். சுவரெல்லாம் வழவழவென்று பாசி வேறு. தண்ணீரைக் குறைக்கிற நாட்களில் வேலிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அன்று முதல் வழக்கமாகிவிட்டது.

மதியத்துக்குள் பெரியவர் வந்துவிட்டார். திட்டவில்லை. தண்ணீரில் இறங்குமுன் அவர் செய்தது, இறைக்கும் மோட்டார், ஃபில்டர் மோட்டார், குளத்து விளக்கு என்று எல்லாவற்றுக்கும் போகும் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்தியது. தண்ணீருக்குள் மோட்டார் இருந்து பிளக் சொருகியிருக்கும்போது யாரும் இறங்கக் கூடாது, கையைக்கூட நனைக்கக் கூடாது என்பது அவர் விட்டுக்கொடுக்காத விஷயம். மோட்டாரைக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும், கயிறு பிடித்துத்தான் தூக்க வேண்டும், மின் வயரைப் பிடித்துத் தூக்குகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. வயர் நுழைகிற இடத்தில் ரப்பர் தளர்ந்து உள்ளே தண்ணீர் போகிற வழியே அதுதானாம். மின்சாரத்தை நிறுத்துமுன்பே, பிளக் குத்துகிற இடத்தில் 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகிற மின்கசிவுப் பாதுகாப்பு இருக்கிறதா என்று அமுக்கிச் சோதித்துப் பார்த்தார். எங்களுடையது டிரிப் ஆனது. நல்லவேளை, இதிலாவது நான் தப்பு செய்யவில்லை.

அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆழமான பக்கம் முங்கினார். ஃபில்டர் மோட்டார் அடித்தண்ணீரை இழுக்கிற துளைதான் மெயின் டிரெயின், குளத்தின் அடியில் இருக்கும் அதன் குழிக்குள் ஒரு வால்வு இருக்கிறது. வெளியே நிலத்தடி நீரின் அழுத்தம் கூடினால், அது தானே திறந்து அந்தத் தண்ணீரைக் குளத்துக்குள் விடும். உள்ளே வெளியே சமமாகி, குளம் எழும்பாமல் தப்பும். அந்தப் பதற்றத்திலும் எனக்கு இருந்த கொஞ்ச ஆறுதல் அதுதான் என்றுகூடச் சொல்லலாம். மூன்று தடவை முங்கி எழுந்தவர் கையை விரித்தார். “தூக்கினா மேல வரணும். இது சுண்ணாம்பு பிடிச்சுக் கல்லாட்டம் ஒட்டிக் கெடக்கு.” எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ. இருக்கிறது என்பதற்காக அந்த வால்வை நம்பக் கூடாது. அழுக்கும் மணலும் சுண்ணாம்பும் சேர்ந்து அதை எப்போது வேண்டுமானாலும் அடைத்துவிடும். பிறகு நிலத்தடி நீர் நன்றாக இறங்கிய பருவத்தில்தான் புதுசு மாற்றினோம்.

அன்று சாயங்காலம் கரையில் உட்கார்ந்து நிறையப் பேசினார். அதில் பாதி, நான் செய்யாமல் விட்ட தப்புகளைப் பற்றியது.

ஃபில்டர் மோட்டாரை வைத்தே இறைத்துவிடலாமே என்று கேட்டேன். கொஞ்சம் குறைப்பதற்கு முடியும். ஃபில்டர் மேல் இருக்கும் பல வழி வால்வை, மோட்டாரை நிறுத்திவிட்டு, கழிவு என்ற நிலைக்குத் திருப்பி ஓட்டலாம். ஓடும்போதே திருப்பினால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழியும். ஆனால் நீர்மட்டம் ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணீரை இழுக்கச் சுவரில் வைத்த திறப்பு) வாய்க்குக் கீழே போனதும் அது காற்றை இழுக்கும். மோட்டார் வறண்டு ஓடி, சீல் கருகும். ஸ்கிம்மரை மூடிவிட்டு மெயின் டிரெயின் வழியாக மட்டும் இழுக்கலாம் என்றால், மொத்த உறிஞ்சலும் ஒரே துளைக்குப் போகிறது. அப்போது யாரும் தண்ணீரில் இருக்கவே கூடாது. 2002இல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வெந்நீர்த் தொட்டியின் அடித்துளை உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். துளை மூடிகள் எப்படி இருக்க வேண்டும் என்று 2007இல் அங்கே வந்த சட்டம் அவள் பெயரில்தான் இருக்கிறது. இதைப் படித்த பிறகு மெயின் டிரெயின் மூடியின் திருகாணிகளை மாதம் ஒருமுறை கால் விரலால் தடவிப் பார்க்கிறேன்.

இறைத்த தண்ணீர் எங்கே போகிறது என்பதும் நான் அலட்சியமாக விட்டிருக்கக்கூடிய ஒன்று. குழாய் முனையைக் குளத்துக்குப் பக்கத்திலேயே போட்டால் அது மண்ணில் இறங்கி, அடியில் போய், நாம் பயப்படுகிற அதே நிலத்தடி நீரை ஏற்றிவிடும். உள்ளே எடை குறையும், வெளியே அழுத்தம் கூடும். இதைவிட மோசமான கூட்டணி வேண்டாம். நான் சரிவில் தூரமாகப் போட்டிருந்தேன். சைஃபன் பிடித்ததற்குக் காரணமும் அந்தச் சரிவுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. மழைநீர் வடிகால் பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஆற்றுக்கோ ஏரிக்கோ போகிறது. மிகக் கொஞ்சக் குளோரினே மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். அதனால் இறைப்பதற்குச் சில நாள் முன்பே மாத்திரையை எடுத்துவிட்டு, சோதனையில் குளோரின் பூஜ்யம் காட்டும் வரை காத்திருக்க வேண்டும், அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவும் ஏழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. எதைக் குறைக்க நான் இறைத்தேனோ, அதே சயனூரிக் அமிலம் குளோரினை வெயிலுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொண்டது. மூன்று நாளில் இறங்கும் என்று நினைத்தது ஒரு வாரம் எடுத்தது. அவசரம் என்றால் சோடியம் தயோசல்ஃபேட் போட்டு முறிக்கலாம். உப்பு நீர்க் குளம் வைத்திருப்பவர்கள் தோட்டத்துக்கு விடவே கூடாது, அந்த உப்பு செடிகளுக்கு ஆகாது. வீட்டுக் கழிவுத் தொட்டிக்குள் விடுவதும் கூடாது, அத்தனை தண்ணீரை அது தாங்காது. எந்த வடிகாலில் விடலாம் என்பதற்கு ஊருக்கு ஊர் விதி உண்டு, கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

எல்லாக் குளமும் கான்கிரீட் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் கிளாஸ் குளத்தை நாமாகக் காலி செய்யவே வேண்டாம். அது லேசு, சீக்கிரம் எழும்பும், எழும்பாவிட்டால் பக்கச் சுவர் உள்ளே பிதுங்கும். வினைல் லைனர், அதாவது உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குளத்தில், தண்ணீர் அமுக்கிப் பிடிக்காவிட்டால் லைனர் சுருங்கும். பழைய லைனர் என்றால் திரும்ப நிரப்பும்போது மூலையில் கிழிந்துவிடும். குறைந்தது ஒரு சாண் தண்ணீராவது தளத்தில் நிற்க வேண்டும். தரைக்கு மேலே நிற்கும் குளத்துக்கு நிலத்தடி நீர் தொல்லை இல்லை, ஆனால் அதன் சுவரை நிமிர்த்தி வைத்திருப்பதே உள்ளே இருக்கும் தண்ணீர்தான், காலியாக நின்றால் காற்றே மடக்கிவிடும். கான்கிரீட்டிலும் கடும் வெயிலில் காலியாகக் காயவிட்டால் பூச்சு வெடிக்கும், உரியும். மழைக்குப் பிறகும் கூடாது, கத்திரி வெயிலிலும் கூடாது என்றால் எப்போதுதான் செய்வது என்று பெரியவரைக் கேட்டேன். “செய்யணும்னு யாரு சொன்னா? கொறச்சு, நெறச்சு, திரும்பக் கொறச்சு, நெறச்சா போதும்” என்றார்.

இரண்டாம் தடவை ஒன்றரை மாதம் கழித்துச் செய்தேன். இடையில் மழை இல்லை. நூலை விட்டுப் பார்த்தேன், நட்டு ஜல்லியில் போய்த் தட்டியது, நூல் நனையவே இல்லை. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன், சாயங்காலம் வேண்டாம் என்று. மோட்டாரின் பெட்டியில் மணிக்கு 8,000 லிட்டர் என்று அச்சடித்திருக்கிறது, நீளக் குழாயும் மேடும் சேர்ந்து அதைப் பாதியாக்கிவிடும் என்பது இப்போது தெரியும். நாலு மணி நேரம். எந்த மட்டத்தில் நிறுத்த வேண்டுமோ அந்த இடத்தில் சுவரைத் துடைத்து ஒரு நீல டேப் ஒட்டியிருந்தேன். தண்ணீர் டேப்பின் கீழ் விளிம்புக்கு வந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, கயிற்றைப் பிடித்து மோட்டாரைக் கரைக்கு ஏற்றினேன். குழாய் கடைசியாக ஒரு முறை விக்கி, மிச்சத் தண்ணீரைச் சரிவில் துப்பிவிட்டுத் அசையாமல் படுத்துக்கொண்டது.

உடனே நிரப்பவில்லை. மதியம் ஒரு முறை, இருட்டும் நேரத்தில் டார்ச் அடித்து ஒரு முறை போய்ப் பார்த்தேன். தண்ணீர் டேப்பிலேயே நின்றது.